நடைவண்டி வாங்கப் போகிறீர்களா?

காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர்கள் காமாட்சி அம்மனையும் ஒரு தரம் சேவித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் குங்குமம், வளையல், சொப்புச் சாமான்களுக்கு நடுவே மூன்று சக்கரம் வைத்த மர நடைவண்டியும் நின்றுகொண்டிருக்கும். உங்கள் இடுப்பில் குழந்தை இருந்துவிட்டால் போதும். "வாங்கிட்டுப் போங்கம்மா, ஒரே மாசத்துல புள்ளை ஓடும்!" என்பார் கடைக்காரர்.

ஓடுமா? பர்ஸைத் திறக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

என் அக்கா வீடு சின்னக் காஞ்சிபுரத்தில். திண்ணை, ரேழி, முற்றம் என்று பழைய காலத்து வீடு. தரைக்கு மட்டும் புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். பேத்திக்கு எட்டு மாதம் ஆனபோது உறவுக்காரர் ஒருவர் வட்டமான பிளாஸ்டிக் வாக்கர் வாங்கி வந்தார். நடுவில் துணி சீட், சுற்றிலும் குட்டிக் குட்டிச் சக்கரங்கள், அழுத்தினால் பாட்டு. இரண்டு வாரம் வீடே சிரித்தது. ஒருநாள் காலை அடுப்பில் பொங்கும் பாலை இறக்க அக்கா திரும்பியிருக்கிறாள். அந்த நேரத்தில் குழந்தை ரேழியைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி, தெருவில் தலைகுப்புறக் கிடந்தது. நெற்றியில் மூன்று தையல். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடுச்சுடா" என்று இன்றைக்கும் சொல்லி அழுவாள்.

அக்காவைக் குறை சொல்லிப் பயனில்லை. வாக்கரில் உட்கார்ந்த குழந்தையால் ஒரே நொடியில் மூன்றடிக்கு மேல் போய்விட முடியும். பக்கத்திலேயே நின்றாலும் எட்டிப் பிடிக்க முடியாது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரையிலான கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். வாக்கரால் அடிபட்டு அவசரப் பிரிவுக்கு வந்த, 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் பேர்! பத்தில் ஒன்பது பேருக்கு அடி தலையிலோ கழுத்திலோதான். நான்கில் மூன்று பங்கு, மாடிப்படியில் உருண்டவை. கனடா நாட்டில் 2004-லேயே வாக்கர் விற்பதைத் தடை செய்துவிட்டார்கள். நம் ஊரில் இன்னமும் சீர் வரிசையில் வருகிறது.

சரி, அதுவும் சக்கரம், இதுவும் சக்கரம்தானே, நடைவண்டி மட்டும் என்ன ஒசத்தி என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது. வாக்கரில் குழந்தை தொங்குகிறது. உடம்பின் பாரம் துணி சீட்டில் இருக்கும், கால் விரல் நுனிதான் தரையை உதைக்கும். தன் பாதம் எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது, தட்டு மறைத்துவிடும். நடைவண்டியிலோ குழந்தை பின்னால் நிற்க வேண்டும். பாரம் முழுக்கச் சொந்தக் காலில். தள்ளாடினால் தானே சமாளிக்க வேண்டும். களைத்தால் 'தொப்'பென்று உட்கார்ந்துவிடலாம். அப்படி உட்கார்வதும் எழுவதும்தான் பயிற்சி.

இந்த வண்டி நமக்குப் புதிதும் அல்ல. பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று கால் உள்ள சிறு தேரை உருட்டுகிறார்கள். அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது பெரும்பாணாற்றுப்படையும் பாடியிருக்கிறார். அதில் தச்சர் செய்த தேரைத் தளர்நடைப் பிள்ளைகள் உருட்டி, அலுத்துப்போய்ப் பால் குடித்துத் தூங்குகிறார்கள். ஆக, காஞ்சிபுரத்துக்கும் நடைவண்டிக்கும் உறவு ரொம்பப் பழசு!

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடைவண்டி குழந்தைக்கு நடை கற்றுத் தராது. நடப்பதற்கு மூளை, நரம்பு, தசை மூன்றும் தயாராக வேண்டும். அது தயாராகிற குழந்தைக்கு வண்டி ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஆரோக்கியமான குழந்தை தனியாக நடக்கத் தொடங்குவது 8 மாதத்துக்கு மேல் பதினேழரை மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். எதிர்வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்தது, நம் வீட்டுக் குழந்தை பதினான்கு மாதத்தில் நடந்தது என்றால் இரண்டுமே சரிதான். எனவே மாதத்தைப் பார்த்து வண்டி வாங்காதீர்கள். குழந்தை கட்டில் காலைப் பிடித்துத் தானே எழுந்து நின்று, கட்டிலைப் பிடித்தபடியே பக்கவாட்டில் நாலு அடி வைக்கிறதா? அன்றைக்கு வாங்கினால் போதும். அதற்கு முன் கையைப் பிடித்து வண்டியில் வைத்து அழுத்தி நிறுத்துவது வேண்டாத வேலை.

கடையில் என்ன பார்ப்பது?

முதலில் வண்டியின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு சக்கரம், பின் சக்கரங்களுக்கு மேலே நிமிர்ந்த கைப்பிடி. மூன்று சக்கரம் ஏன்? நாலு கால் முக்காலி(!) ஒன்றை மேடு பள்ளமான தரையில் போட்டுப் பாருங்கள், ஆடும். மூன்று கால் உள்ளது ஆடாது. மூன்றும் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். கருங்கல் பாவிய முற்றத்துக்கும் காரை பெயர்ந்த தாழ்வாரத்துக்கும் இதுதான் தோது. ஆனால் இதற்கு ஒரு குறையும் உண்டு. முன்பக்கம் ஒற்றைச் சக்கரம் என்பதால் திருப்பத்தில் பக்கவாட்டில் சாயும். பின் சக்கரங்களுக்கு நடுவே அகலம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. நெடுநெடுவென்று உயரமாய், ஒல்லியாய் இருக்கும் வண்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

அடுத்து, கைப்பிடியைப் பிடித்துக் கீழ்நோக்கியும் உங்கள் பக்கமும் நன்றாக இழுங்கள். கீழே உட்கார்ந்த குழந்தை அதைப் பிடித்துத்தான் எழப் பார்க்கும். முன் சக்கரம் எளிதில் தூக்கிக்கொண்டால் வண்டி குழந்தை மேலேயே விழும் என்று அர்த்தம். லேசான வண்டியை "தூக்க சுலபமா இருக்கும்" என்று விற்பார்கள். தூக்கப்போவது நீங்கள், தள்ளப்போவது குழந்தை! கனமான வண்டி மெதுவாகப் போகும், சீக்கிரம் கவிழாது. ஏற்கெனவே லேசானதை வாங்கிவிட்டீர்களா? பாதகமில்லை. ஒரு கிலோ, இரண்டு கிலோ அரிசியைத் துணிப் பையில் கட்டி, முன் சக்கரத்தை ஒட்டிய சட்டத்தில் தாழ்வாகக் கட்டிவிடுங்கள். கைப்பிடி உயரம் குழந்தையின் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் இருக்க வேண்டும். கழுத்து உயரத்தில் இருந்தால் சறுக்கும்போது தாடையில் இடிக்கும்.

பிறகு சக்கரம் கழன்று வராமல் தடுக்கும் கடையாணி. இதைத்தான் ஆட்டி, திருகி, இழுத்துப் பார்க்க வேண்டும். கடையாணி விழுந்தால் ஒரு பக்கம் சக்கரம் போகும், இன்னொரு பக்கம் ஆணி குழந்தையின் வாய்க்குள் போகும். தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆணித்தலை எங்காவது துருத்திக்கொண்டிருக்கிறதா, குழந்தையின் விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும் சந்து இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணை விடக் கை நன்றாகச் சொல்லும்.

கடைசியாக நிறம். பளபளவென்ற சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்கும். நான் சொல்வேன், வெறும் மரம்தான் நல்லது. பல் முளைக்கிற வயதில் கைப்பிடியைக் கடிக்காத குழந்தை உண்டா? பெயின்ட்டில் ஈயம் இருந்தால் அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குக் கிடையாது. வீட்டுப் பெயின்ட்டில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற சட்டம் இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 முதல் கட்டாயம். ஆனால் கைவினைஞர் என்று மத்திய அரசிடம் பதிவு செய்தவர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே கோயில் கடை வண்டியில் முத்திரை இல்லை என்பதற்காக அது மோசம் என்று ஆகாது. சோதனை நம் கையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். வெள்ளைத் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

'காஞ்சிபுரம் போனால் காலாட்டிச் சாப்பிடலாம்' என்பார்கள். குழித்தறியில் உட்கார்ந்து மிதியை மிதித்து நெய்வதைச் சொன்ன சொல் அது. பிள்ளையார்பாளையம் பக்கத்து வீடுகளில் கூடத்திலேயே தறி இருக்கும். தறி நெய்கிறவர் காபி குடிக்க எழுந்து போனால் அந்தக் குழி திறந்து கிடக்கும். தத்தக்கா பித்தக்கா என்று வண்டி தள்ளி வரும் குழந்தைக்குக் குழியும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. எழும்போதே பலகையைப் போட்டு மூடும் பழக்கம் வர வேண்டும். தறி இல்லாத வீட்டில் வாசற்படி, மாடிப்படி, முற்றத்து விளிம்பு இவைதான் குழி. படிக்குத் தடுப்புப் போட்ட பிறகே வண்டியை இறக்குங்கள். டைல்ஸ் தரையை விடச் சிமென்ட் தரை மேல். செருப்பு, சாக்ஸ் எதுவும் வேண்டாம், வெறுங்கால்தான் தரையைப் பற்றும். பாட்டி ஆசையாய்த் தைத்த பட்டுப் பாவாடையைப் போட்டோ எடுத்ததும் கழற்றிவிடுங்கள். கால் தடுக்கும், சக்கரத்திலும் சுற்றும்.

அப்படியும் விழத்தான் செய்யும். விழுந்து தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூக்கு காதிலிருந்து ரத்தமோ நீரோ கசிந்தாலோ, மண்டையில் கொழகொழவென்று வீங்கினாலோ காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையானால் இவை எதுவும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

பராமரிப்பு பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அச்சைப் பாருங்கள். தலைமுடி சுற்றியிருக்கும். நெசவாளர் வீடென்றால் பட்டு இழையும் ஜரிகையும் சேர்ந்திருக்கும். கத்தரித்து எடுங்கள். இது வண்டிக்காக மட்டுமல்ல. இப்படிப்பட்ட இழை குழந்தையின் கால் விரலில் சுற்றி இறுக்கி, விரல் சிவந்து வீங்கிவிடுவது உண்டு. காரணம் புரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் கைவிரல், கால்விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள்.

சக்கரம் கிறீச்சிட்டால் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டிக் களிம்பாகும், அது குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். மெழுகுவர்த்தித் துண்டை அச்சில் தேய்த்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊறிச் சக்கரம் இறுகிக்கொள்ளும். வெயிலில் காய வைத்தால் வெடிக்கும். நிழலில் இரண்டு நாள் வையுங்கள், தானே சரியாகும். சிலாம்பு கிளம்பிய இடத்தில் உப்புத்தாள் போட்டு, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். இது பெயின்ட் அடிக்காத வண்டிக்கு மட்டும்.

பதினெட்டு மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை, ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கிறது, எப்போதும் நுனிக்காலிலேயே நிற்கிறது, கால்கள் வில்லாக வளைகின்றன என்றால் வண்டியை மாற்றிப் பயனில்லை. குழந்தை மருத்துவரைப் பாருங்கள். 'எங்க வம்சமே லேட்டா நடக்கும்' என்று சொல்லி ஆறு மாதத்தைத் தள்ளிவிட்டு வருகிறவர்கள் நிறைய.

அக்கா வீட்டுக் கதையை முடிக்கவில்லையே. தையல் பிரித்த மறுநாள் வாக்கரை உடைத்துக் குப்பையில் போட்டார்கள். (யாருக்கும் கொடுக்கவில்லை, அது சரியான காரியம்.) அக்காவின் மாமியார் பரணிலிருந்து ஒரு பழைய நடைவண்டியை இறக்கச் சொன்னார். "உன் வீட்டுக்காரன் இதுலதான்டி நடந்தான்." நல்ல வைரம் பாய்ந்த மரம். ஆனால் பச்சைப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. அத்திம்பேர் உப்புத்தாளோடு உட்கார்ந்துவிட்டார். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தேய்த்தால் தூளாகப் பறந்து வீடு முழுக்கப் படியும், தவழ்கிற குழந்தை அதைத்தான் நக்கும். மேலே புதுப் பெயின்ட் அடிப்பதும் உதவாது, கடித்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும். ஈரத் துணியால் மூடி, பிளாஸ்டிக் பையில் கட்டி மறுபடி பரணிலேயே ஏற்றினோம். மாமியாருக்கு ஒரு வாரம் என் மேல் வருத்தம். வெறும் மரத்தில், கனமாக, அகலமாகப் புது வண்டி ஒன்று தச்சரிடம் சொல்லிச் செய்து வாங்கினோம். பதின்மூன்றாம் மாதத்தில் பேத்தி அதை விட்டுவிட்டுத் தானாக நடந்தாள். வண்டி இப்போது அவளுடைய பொம்மைகளைச் சுமந்துகொண்டு முற்றத்தில் சுற்றுகிறது.