பெயர் தெரிகிறது, படம் ஓடவில்லை!

ஊரிலிருந்து வந்த திருமணப் படம் கணினியில் ஓடுகிறது. விடுதியிலுள்ள பழைய புளூ-ரே பிளேயரிலோ பெயர் மட்டுமே தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிடும் அன்பர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரே வலையமைப்பிலுள்ள டி.எல்.என்.ஏ. பிளேயர், 239.255.255.250 என்னும் குழு முகவரிக்கு, "படம் தருவோர் உண்டா?" என்று குரல் கொடுக்கிறது. கணினியிலுள்ள சர்வர் விடையிறுத்துத் தன் பட்டியலை அனுப்புகிறது. ஆகவே, பெயர் தெரிந்தால் இணைப்பு சரியே.

தடை வேறிடத்தில் உளது. எம்.கே.வி. வெறும் பெட்டி, உள்ளிருக்கும் குறியீடே பண்டம். 2013-இல் வந்த எச்.265 குறியீட்டை அதற்கு முந்திய பிளேயர் அறியாது; எச்.264-ஐ அறியும். யுனிவர்சல் மீடியா சர்வர் போன்ற மென்பொருள், படம் ஓடும்போதே குறியீட்டை மாற்றி அனுப்பும். நான் கையாள்வது இம்முறையே. கணினி வலுவற்றதாயின் முன்னரே மாற்றி வைத்துக்கொள்க. மூலக் கோப்பை மட்டும் அழிக்கற்க!