மென்பொருளுக்கும் ரேங்க் கார்டு!

நமக்கு மட்டுமா ரேங்க் கார்டு? யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று விடப்பட்ட திறந்த மூல மென்பொருளுக்கும் உண்டு. 2020இல் வந்த ‘ஸ்கோர்கார்டு’ என்ற கருவி, பல பாடங்களில் 0 முதல் 10 வரை மார்க் போடும். அதில் ஒரு பாடம் பராமரிப்பு. கடைசி 90 நாளில் வாரத்துக்கு ஒரு திருத்தமாவது செய்திருந்தால் 10. கைவிட்டு மூடியிருந்தால் 0.

ஆனா மார்க் மட்டும் போதாது. ‘எக்ஸ்இசட்’ மென்பொருளில் 2024இல் கள்ளக்கதவு வைத்தது யார் தெரியுமா? பராமரிக்க உதவுறேன்னு வந்தவரேதான்! லாகின் அரை நொடி தாமதமானதை ஒரு பொறியாளர் கவனித்ததால் பிடிபட்டது.

எத்தனை முறை திருத்தினார்கள் என்று கருவி எண்ணும். என்ன திருத்தினார்கள் என்று மனுஷங்கதான் படிக்கணும். தினமும் வீட்டுப்பாடம் எழுதினாலும் டீச்சர் நோட்டைத் திறந்து பார்ப்பது ஏன்னு எனக்கு இப்போதான் புரியுது!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி