இளைத்த உடம்புக்குப் பழைய மாத்திரை ஆகாது

களம்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 44. கணவரும் அவரும் வீட்டுத் தறியில் பட்டுச்சேலை நெய்கிறார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பது தெரிந்ததும், மூன்று வேளைச் சோற்றை ஒரு வேளையாக்கி, விடியற்காலையில் ஆரணி ரோடு ரயில் நிலையம் வரை நடந்து, ஒரு வருடத்தில் 82 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்துவிட்டார். ஊரைச் சுற்றிலும் அரிசி ஆலைகள் இருக்க, சாப்பாடு என்றாலே சோறு என்றிருக்கிற இடத்தில் இதைச் சாதிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதலில் அதற்கு என் பாராட்டு.

ஆனால் கடிதத்தில் சந்தோஷம் இல்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது. விடியற்காலைக் குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. தறிப்பலகையில் உட்கார்ந்தால் பின்பக்கம் குத்துகிறது. தறிக்குழியை விட்டு எழுந்தால் கண் இருட்டுகிறது. பார்ப்பவர்களெல்லாம் என்ன நோவு என்று கேட்கிறார்கள். மாமியார் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுகிறார். “குண்டாக இருந்தப்ப நிம்மதியா இருந்தேனோன்னு தோணுது டாக்டர்” என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, கண் இருட்டுவதிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகள் 82 கிலோ உடம்புக்கு எழுதிக் கொடுத்தவை. எடை ஒரு கிலோ குறைந்தால் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக ஒரு புள்ளி இறங்குகிறது. நீங்கள் 16 கிலோ குறைத்திருக்கிறீர்கள். உடம்பே அழுத்தத்தை இறக்கியபின், அதே பழைய மாத்திரையும் தன் பங்குக்கு இறக்குகிறது. இரண்டு மூன்று மணி நேரம் குழித்தறியில் கால் தொங்க உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழும்போது மூளைக்கு ரத்தம் போதாமல் கண் இருட்டுகிறது. தறிக்குழியின் விளிம்பில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரைக்கும் இதே கதைதான். பிரிட்டனில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2017-ல் வெளியானது. சர்க்கரை நோய் வந்து 6 ஆண்டுகளுக்குள் இருந்தவர்களில், 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைத்தவர்களை எடுத்துக்கொண்டால், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வருடத்தில் மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. உங்களுக்கும் அப்படி ஆகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆகியிருந்தால், பழைய அளவு மாத்திரை சர்க்கரையைத் தேவைக்கு மேல் இறக்கிவிடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அதிகம். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தாங்க முடியாத பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை அறிகுறிகள். வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியவில்லை என்றால் இன்னொரு முறை குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். தறிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் சர்க்கரை இருக்கட்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாத நெசவாளிக்கு இது பெரிய வரம். ஆனால் மாத்திரை வீடு தேடி வருவதால் மருத்துவரை நேரில் பார்ப்பது பலருக்குத் தள்ளிப்போகிறது. அட்டை மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும், அளவு பழையதாகவே இருக்கும். வருகிற பணியாளரிடம் “16 கிலோ குறைஞ்சிருக்கேன், டாக்டர்கிட்ட மாத்திரை அளவைப் பார்க்கணும்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் சொல்ல வேண்டும். அதன் அளவும் எடையைப் பொறுத்ததுதான். நீங்களாகவே மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடாது. அழுத்தம் திடீரென ஏறினால் பக்கவாதம் வரை கொண்டுபோய் விடும்.

முடிக்கு வருவோம். எடை வேகமாகக் குறையும்போது உடம்பு அதை ஒரு பஞ்சமாக எடுத்துக்கொண்டு, உயிர் வாழத் தேவையில்லாத வேலைகளை முதலில் நிறுத்துகிறது. வளரும் பருவத்தில் இருந்த முடிகள் ஒரேயடியாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுகின்றன. அதனால்தான் காரணம் எது என்று பலருக்குப் பிடிபடுவதில்லை. தண்ணீர் சரியில்லை, எண்ணெய் சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வேர் சாகவில்லை, பெரும்பாலும் ஆறேழு மாதத்தில் முளைத்துவிடும். ஆனால் நம் மாநிலத்தில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பலகை குத்துவதும் குளிர் எடுப்பதும் சேர்ந்தே வருபவை. 1945-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 ஆண்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். அவர்கள் எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது. கோடையிலும் குளிர்கிறது என்றார்கள். கட்டை நாற்காலியில் உட்கார முடியாமல், போகிற இடமெல்லாம் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்பக்கக் கொழுப்பு போனால் எலும்புக்கும் பலகைக்கும் நடுவே மெத்தை இல்லை. தோலடிக் கொழுப்பு குறைந்தால் உள்சூடு வெளியே போகிறது. பற்றாக்குறைக்கு உடம்பும் எரிபொருளைச் சிக்கனம் பிடித்துச் சூட்டைக் குறைத்துக்கொள்கிறது. பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் பலகை மேல் போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கொரு முறை தறியை விட்டு எழுந்திருங்கள். எழும் முன் கணுக்காலைப் பத்து முறை மேலும் கீழும் ஆட்டினால் கண் இருட்டுவதும் குறையும்.

குளிரோடு சேர்த்துச் சதையையும் கவனிக்க வேண்டும். குறைகிற எடை முழுவதும் கொழுப்பு அல்ல, அதில் ஏறக்குறைய கால்வாசி வரை தசையாக இருக்கலாம். சோற்றைக் குறைத்தீர்கள், அந்த இடத்தில் என்ன வைத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ரசமும் ஊறுகாயும் மட்டும் என்றால் போதாது. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 65 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். உங்கள் பக்கத்து நிலத்தில் விளையும் வேர்க்கடலையில் நூற்றுக்கு 25 கிராம் இருக்கிறது. அவித்து ஒரு கைப்பிடி தின்னுங்கள், வறுத்து உப்புப் போட்டதை விட அது நல்லது. கொள்ளு, பயறு, தயிர், மீன் எல்லாம் சேரட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு வையுங்கள். மிதி மிதிப்பது காலுக்கு வேலைதான், ஆனால் தசை வளர அது போதாது. கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைத் தினம் இருமுறை, பத்துப் பத்தாகச் செய்யுங்கள்.

வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் வரும் ஆபத்து கூடுகிறது. வலது விலா அடியில், சாப்பிட்டபின் பிடித்து முறுக்கும் வலி வந்தால் வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். தளர்ந்து தொங்கும் தோலைக் களிம்பு எதுவும் இறுக்காது. பணத்தை வீணாக்க வேண்டாம். மடிப்புகளை ஈரம் இல்லாமல் துடைத்து வைத்தால் படை வராது. இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்கிறேன். எடை குறைந்ததும் தப்பிப்போன மாதவிலக்கு பலருக்கு ஒழுங்காகிறது, கரு தங்கும் வாய்ப்பும் கூடுகிறது. இந்த வயதில் இனி எங்கே என்று இருந்துவிட வேண்டாம்.

நல்லதையும் எழுதியிருக்க வேண்டும் நீங்கள். முட்டி வலி பற்றி ஒரு வரிகூட இல்லை. அது போயிருக்கும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. உங்கள் கணக்கில் அது 60 கிலோவுக்கு மேல். குறட்டை நின்றுவிட்டதா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

இனி ஊர்ப் பேச்சு. என்னிடம் வருபவர்கள் முடி கொட்டுவதை விட இதற்குத்தான் அதிகம் அழுகிறார்கள்.

நம் ஊர்களில் உடம்பு இளைத்தால் பசி, கடன், காசநோய், இவற்றில் ஒன்று என்றுதான் தலைமுறை தலைமுறையாக அர்த்தம். சதை போட்டிருப்பது வசதியின் அடையாளம். அந்த நினைவிலிருந்துதான் கேட்கிறார்கள். முகத்துக் கொழுப்பு குறைந்து கன்னம் ஒட்டுவதால் வயது கூடியதுபோல் தெரிவதும் உண்மை. எனவே கேட்பவர்கள் எல்லோரும் பொறாமைக்காரர்கள் அல்ல. ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். “டாக்டர் சொல்லித்தான் குறைச்சேன், டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கு.” அதற்கு மேல் விளக்க வேண்டாம். விளக்க விளக்கத்தான் சந்தேகம் வளரும்.

மாமியார் சுற்றிப் போட்டால் உட்கார்ந்துகொள்ளுங்கள். அதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவருக்கு உங்கள் மேல் கவலை இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போய், மருத்துவர் வாயாலேயே கேட்க வையுங்கள். விருந்துக்குப் போன இடத்தில் “இன்னும் ஒரு கை சோறு” என்று வந்தால் வேண்டாம் என்று இலையை மூடாதீர்கள், அவர்கள் மனம் நோகும். “சோறு போதும் அண்ணி, கூட்டு இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க” என்று கேளுங்கள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் யாருக்கும் குறை இருக்காது.

பாராட்டும் சில சமயம் குத்தும். “இப்பத்தான் லட்சணமா இருக்க” என்றால் இத்தனை நாள் எப்படி இருந்தேன் என்று மனது கேட்கும். உங்களைப் போலவே கனமாக இருந்த தோழி கொஞ்சம் விலகுவாள். அவளிடம் உணவு பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். அவள் கேட்கிற நாளில் சொல்லுங்கள்.

பிளஸ் ஒன் படிக்கும் மகள் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாள் என்று ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அம்மா சோற்றை ஒதுக்குவதையும் ஊர் அம்மாவின் உடம்பைப் பேசுவதையும் அவள் பார்க்கிறாள். அவள் வளரும் பெண். “எனக்குச் சர்க்கரை, அதனால் குறைத்தேன், உனக்கு அது வேண்டியதில்லை” என்று தெளிவாகச் சொல்லி, இரவில் அவளோடு உட்கார்ந்து நீங்களும் ஒரு தோசையாவது சாப்பிடுங்கள். அவள் முன்னால் தராசில் ஏறாதீர்கள்.

எடை மறுபடி ஏறிவிடுமோ என்ற பயத்தில், எடை குறைக்கும் ஊசி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானது. எடை குறைத்து ஒரு வருடம் ஆனபின்னும் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடுதலாகவே இருப்பதை 2011-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. எனவே இப்போது அதிகம் பசிக்கிறது என்றால் அது நாக்கின் குற்றம் அல்ல, உடம்பு பழைய எடைக்குத் திரும்பப் பார்க்கிறது. நீங்கள் கேட்ட ஊசி வகையில் மவுன்ஜாரோவும் வேகோவியும் 2025-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. நல்ல மருந்துகள்தான், தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேகோவியில் இருக்கும் செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு, ஒரு வருடத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக அதன் ஆய்விலேயே இருக்கிறது. 66 கிலோவில் நிற்கிற உங்களுக்கு ஊசி வேண்டாம் என்பது என் கருத்து. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். 68-ஐத் தொட்டால் அந்த வாரமே பழைய கட்டுப்பாட்டுக்குத் திரும்புங்கள். 75 வரை விட்டுவிட்டு யோசிக்க வேண்டாம்.

ஆறு மாதம் எடை நிலையாக நிற்கும்வரை வளையலை அழித்துச் செய்யாதீர்கள், ரவிக்கையை வெட்டாதீர்கள். உள்தையல் போட்டால் போதும். மோதிரத்திலும் மெட்டியிலும் நூல் சுற்றிக்கொள்ளுங்கள். சோப்புக் கையோடு நழுவிப் போன மோதிரங்கள் நிறைய.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. இந்தச் சகோதரி தானாக முயன்று குறைத்தார். எந்த முயற்சியும் இல்லாமல், ஆறு மாதத்தில் 60 கிலோக்காரர் 3 கிலோ இழந்தால் அது வேறு விஷயம். கூடவே இரண்டு வாரம் தாண்டிய இருமல், மாலைக் காய்ச்சல், அடிக்கடி சிறுநீர், விழுங்குவதில் சிரமம், மலத்தில் ரத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால் இன்றே காட்டுங்கள். காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

சகோதரி, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, பழைய எடையும் புதிய எடையும் தேதியோடு எழுதிய ஒரு தாளையும் வைத்து, இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆரணி அரசு மருத்துவமனைக்கோ போய்வாருங்கள். பாவு பாதியில் நின்றாலும் பரவாயில்லை, ஒரு நாள் போகட்டும்.