மகளுக்குக் கார் பந்தய ஆசை

கேள்வி: எங்கள் பக்கம் மாட்டுவண்டி எல்கைப் பந்தயம் என்றால் உயிர். அதைப் பார்த்தே வளர்ந்த என் மகளுக்கு வயது 19. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறாள். அலிஷா அப்துல்லா மாதிரி பந்தயக் கார் ஓட்ட வேண்டும் என்கிறாள். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு இது ஆகிற காரியமா? வயது கடந்துவிட்டதா?
– ஒரு தாய், அறந்தாங்கி

பதில்: வயது கடந்துவிடவில்லை, அம்மா. யோசிக்க வேண்டியது செலவைத்தான்.

முதலில் உங்கள் மகள் சொல்லும் அலிஷாவைப் பார்ப்போம். சென்னைக்காரர். அவருடைய அப்பா ஆர்.ஏ. அப்துல்லா, பைக் பந்தயத்தில் தேசிய சாம்பியன். அதனால் 9 வயதிலேயே மகள் கோ-கார்ட்டில் உட்கார முடிந்தது. பிறகு ஃபார்முலா கார், சூப்பர்பைக், மறுபடி கார் என்று ஆண்களோடு ஒரே வரிசையில் நின்று ஓட்டினார். 2018-ல் குடியரசுத் தலைவர் அவரைக் கௌரவித்தார். அலிஷா வென்ற கோப்பைகளைவிடப் பெண்களுக்கென்றே தொடங்கிய பயிற்சிப் பள்ளியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அப்பா பந்தய வீரராக இல்லாத பெண்கள் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்கள்?

உங்கள் மகளுக்கு இன்னும் நெருக்கமானவர் புணேயைச் சேர்ந்த டயானா புண்டோலே. ஆசிரியை. பெண்களுக்கான திறன் தேர்வு மூலம் கார் பந்தயத்துக்குள் வந்தவர். 2024-ல் சலூன் கார் பிரிவில் தேசிய சாம்பியன் ஆனார். குழந்தைப் பருவத்தில் தொடங்கினால்தான் உண்டு என்ற பேச்சை அவரைப் பார்த்த பிறகு நான் ஏற்பதில்லை.

இனி செலவு. எல்கைப் பந்தயத்தில் மாட்டுக்காரர் செலவழிப்பார், சாரதி ஓட்டுவார். கார் பந்தயத்தில் தொடக்கத்தில் இது தலைகீழ். கார் அணியுடையது, அதில் உட்காரச் சாரதிதான் பணம் கட்ட வேண்டும். டயர், எரிபொருள், மோதினால் பழுதுச் செலவு எல்லாம் அதன் மேல். ஸ்பான்சர் கிடைக்காமல் நின்றுபோன திறமைசாலிகள் நிறைய. நிலத்தை அடகு வைத்து இதில் இறங்காதீர்கள். இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அதற்காக ஆசையை முளையிலேயே கிள்ளவும் வேண்டாம். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சுற்று 2.1 கிலோமீட்டர். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பெரிய களம் உண்டு. முதலில் வாடகை கோ-கார்ட்டில் சில முறை ஓட்டட்டும். ஒவ்வொரு சுற்றையும் ஏறத்தாழ ஒரே அளவு நேரத்தில் முடிக்கிறாளா என்று பாருங்கள். ஒரு சுற்று வேகமாகவும் அடுத்தது தடுமாறியும் இருந்தால் இன்னும் பழக வேண்டும். தேறினால் பயிற்சிப் பள்ளி, மருத்துவச் சான்று, பிறகு இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் உரிமம். டயர் நிறுவனங்கள் நடத்தும் பெண்கள் தேர்வு அறிவிப்புகளையும் விடாமல் கவனியுங்கள். செலவைக் குறைக்கும் வழி அதுதான். இதற்கிடையில் கழுத்துக்கும் தோளுக்கும் உடற்பயிற்சி தொடரட்டும்.

டிப்ளமோவை முடிக்கச் சொல்லுங்கள். பந்தய அணிகளுக்கு இன்ஜினியர்களும் மெக்கானிக்குகளும் தேவை. களத்தில் கார்களைப் பராமரிக்கும் இடமான பிட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டக் கற்க அவளுக்கு அந்தப் படிப்பு உதவும்.