மொசல் வலையை வேலி வலையாக்குவோம்

ஆனைமலைப் பக்கம் நிலக்கடலையும் தட்டைப்பயறும் போடுகிற சின்ன விவசாயி நான். எங்கள் பக்கம் பயிர் நாலு இலை விட்டதும் மொசல் வந்துவிடும். தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியது போல் இருந்தால் மொசல் வேலை.

மூன்று வருசத்துக்கு முன்னால் பழைய நைலான் மீன்வலை வாங்கிவந்து கடலைக் காட்டைச் சுற்றிக் கட்டினேன். மொசல் நின்றது. பத்தாம் நாள் விடியக்காலை போய்ப் பார்த்தால், ஆறடிச் சாரை ஒன்று செத்துக் கிடந்தது. வலைக்கண்ணில் தலையை நுழைத்திருக்கிறது. உடம்பு முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மெல்லிய நைலான் இழை செதிலுக்குள் இறங்கி அறுத்திருந்தது. காட்டில் எலி தின்கிற ஆளை நானே கொன்றுவிட்டேன். மருந்தடிக்காமல் விவசாயம் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு வாய் வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அப்பாரு வந்து பார்த்தார். எண்பது வயசைத் தாண்டியவர். "ஏங்கண்ணு, மொசல் வலை பின்னுன ஊருல மீன் வலையக் கொண்டாந்து கட்டியிருக்கறயே?" என்றார். வலையை அறுத்து எடுத்தோம். அதற்குப் பிறகு அவரிடம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிடிப்பதற்கு அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காட்டு முயலைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் பட்டா நிலத்தில் பிடித்தாலும் குற்றம்தான். வலை, கண்ணி வைத்துப் பிடிக்க முயற்சி செய்தாலே வேட்டை என்றுதான் சட்டம் சொல்கிறது. முயல் கறி வேண்டுமென்றால் வளர்ப்பு முயல் இருக்கிறது. அது வேறு இனம். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையத்தில் இறைச்சி முயல்களை வளர்க்கிறார்கள்.

ஆனால் வலை பின்னும் கைவேலை பழையது. சங்க காலத்துப் பெரும்பாணாற்றுப்படையிலேயே, தொடர்வலை கட்டி, நாயோடு புதரை அடித்து, நெடிய காது முயலை வளைக்கிற வேட்டுவர்கள் வருகிறார்கள். பிடிக்கிற வேலையை விட்டுவிட்டு, அந்தக் கைவேலையை மட்டும் பயிர்காக்க எடுத்துக்கொள்ளலாம்.

நார்

சணப்பை நாம் பசுந்தாள் உரத்துக்கு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுகிறோம். நாருக்கு வேண்டுமென்றால் வரப்போரம் இரண்டு மூன்று வரிசையை மட்டும் நெருக்கி விதையுங்கள். நெருக்கமாக இருந்தால் கிளை விடாமல் நெட்டையாக வளரும். காய் பிடிக்கும்வரை, ஏறக்குறைய 90 நாள் விட்டு அறுக்கவும். இலை உதிர்ந்ததும் கட்டாகக் கட்டித் தண்ணீரில் அமுக்கி வைக்க வேண்டும். வெயில் காலத்தில் நாலைந்து நாளில் பட்டை கழன்று வரும். தினமும் ஒரு தண்டை எடுத்து உரித்துப் பாருங்கள். அதிகம் ஊறினால் நார் வலுவிழக்கும். உரித்து அலசி நிழலில் காயவைத்து, இரண்டு புரியாக முறுக்கி, 2 மில்லிமீட்டர் கனத்தில் கயிறு திரித்துக்கொள்ளவும்.

முடிச்சு

கருவி இரண்டுதான். ஒன்று, மூங்கிலில் செதுக்கிய வலை ஊசி. கயிறு சுற்றிய பிறகும் ஒன்றரை செ.மீ. அகலத்துக்குள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குள் நுழையாது. இன்னொன்று, 2.5 செ.மீ. அகல மூங்கில் பட்டை. இதுதான் அளவுக்கட்டை.

ஒரு தலைக்கயிற்றில் வேண்டிய அளவு வளையங்களைப் போட்டுக்கொள்ளவும். அடுத்த வரிசைக்கு, கயிற்றை அளவுக்கட்டையின் முன்பக்கமாக இறக்கி, அடிவழியாகப் பின்னால் ஏற்றி, மேல் வளையத்துக்குள் பின்னாலிருந்து முன்னால் ஊசியை விடுங்கள். வளையம் கட்டையின் மேல் விளிம்பைத் தொடும்வரை இழுத்து, இடது கட்டைவிரலால் அமுக்கிக்கொள்ளவும். கயிற்றை இடப்பக்கமாக ஒரு சுழி போட்டு, வளையத்தின் இரண்டு இழைக்கும் பின்னால் ஊசியை வலமிருந்து இடமாக விட்டு, சுழிக்குள் வெளியே எடுத்து இறுக்குங்கள். முடிச்சு வளையத்தின் மேல் உட்காரவேண்டும். வழுக்கிக் கீழே இறங்கினால் அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள்.

ஒரு மீட்டர் அகலம், 90 செ.மீ. உயரத்துக்கு 28 கண் வைத்து 51 வரிசை பின்ன வேண்டும். மொத்தம் சுமார் 1,430 முடிச்சு. கை பழகினால் நிமிசத்துக்குப் பத்து விழும். இரண்டரை மணி நேர வேலை. எனக்கு முதல் வலைக்கு நாலு சாயங்காலம் ஆனது.

தொய்வா, விறைப்பா?

அப்பாரு சொன்னதில் முக்கியமானது இதுதான். வேட்டை வலையைத் தொய்வாகக் கட்டுவார்கள். மொசல் மோதினால் வலை கழன்று பையாக விழுந்து சுருட்டிக்கொள்ளும். வேலி வலை அதற்கு நேர் எதிர். மேலும் கீழும் தேங்காய்நார்க் கயிறு கோத்து, கண் ஒவ்வொன்றும் சதுரமாகத் திறக்கும்படி நாலு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டவேண்டும். விறைப்பான வலையில் மொசல் மூக்கை வைத்துப் பார்த்துத் திரும்பிவிடும், சிக்காது. சணப்புக் கயிறு நைலான் மாதிரி அறுக்கவும் அறுக்காது. இருந்தாலும் காலையில் ஒருமுறை வலையைப் பார்த்துவிட்டு வருவது நம் கடமை.

துவரேற்றுதல்

சாயமில்லாத என் முதல் வலை ஒரு ஐப்பசி மழையோடு மக்கிவிட்டது. நாரை அரிக்கிற நுண்ணுயிர்களைத் தடுப்பது பட்டையில் உள்ள துவர்ப்புதான். தோல் பதனிட ஆவாரம்பட்டை பயன்பட்டதும் அதே துவர்ப்புக்காகத்தான். நைலான் வருவதற்கு முன்னால் நம் கடற்கரையில் பனிச்சங்காய்ச் சாற்றில் வலையை முக்கி எடுத்தார்கள். வெற்றிலையோடு போடுகிறோமே காசுக்கட்டி, அது கப்பலேறி இங்கிலாந்து மீனவர்களின் வலைக்கும் பாய்க்கும் சாயமாகப் போனது.

நான் செய்வது: ஒரு கிலோ வலைக்கு ஒரு கிலோ காய்ந்த ஆவாரம்பட்டை அல்லது வெள்வேலம்பட்டை. இடித்து, 15 லிட்டர் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுவேன். வலையைப் பச்சைத்தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வெதுவெதுப்பான சாற்றில் மறுநாள் வரை அமுக்கி வைப்பேன். நிழலில் காயவைத்து, இப்படியே மூன்று முறை. ஆவாரை வெளிர் பழுப்பு தரும், வெள்வேல் செம்பழுப்பு தரும்.

இரண்டு எச்சரிக்கை. இரும்புச் சட்டி வேண்டாம். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் சாயம் கறுக்கும், நாரும் நாளடைவில் நொறுங்கும். மண்பானையோ அலுமினியமோ போதும். அடுத்து, நிற்கிற மரத்தில் சுற்றிலும் பட்டை உரிக்காதீர்கள், மரம் செத்துப்போகும். கவாத்து செய்த கிளையிலிருந்து எடுங்கள்.

வேட்டைக்காரர்கள் வலை புதரோடு புதராகத் தெரிய அடர்த்தியாகச் சாயம் போட்டார்கள். நமக்கு மறைக்க வேண்டியது எதுவுமில்லை. வலை உழைத்தால் போதும். துவரேற்றிய வலை எனக்கு இரண்டு மழைக்காலம் தாங்கியது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கழற்றி ஒருமுறை சாற்றில் முக்கிக் கட்டுகிறேன்.

எங்கே கட்டுவது?

ஏக்கர் முழுக்கச் சுற்றிக் கட்டக் கணக்குப் போடாதீர்கள். சதுரமான ஒரு ஏக்கருக்கே சுற்றளவு 250 மீட்டருக்கு மேல். அவ்வளவு பின்ன முடியாது, தேவையும் இல்லை. மொசல் பழகின தடத்தில்தான் வரும். வேலியில் எந்தச் சந்தில் புல் மடங்கி, புழுக்கை கிடக்கிறதென்று பாருங்கள். அங்கே மட்டும் வலை கட்டுங்கள். மற்ற இடத்தில் கிளுவை வேலியை நெருக்குங்கள். பாம்புக்கும் கீரிக்கும் உயிர்வேலியில் வழி இருக்கும், அவை வலைக்கு வரவேண்டிய அவசியமில்லை. நம்ம ஊர் மொசல் வளை தோண்டாது. ஆனால் அடியில் இடைவெளி இருந்தால் பதுங்கி நுழையும். அதனால் கீழ்க்கயிற்றை முழத்துக்கு ஒரு முளை அடித்து மண்ணோடு ஒட்டவையுங்கள். காட்டுப்பன்றிக்கு இந்த வலை நிற்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் காட்டில் ஐந்து சந்து. ஐந்து வலை கட்டியிருக்கிறேன். போன பட்டத்தில் வலைக்கு வெளியே புழுக்கை கிடந்தது, உள்ளே கடலைச் செடி முழுசாக நின்றது. ஒரு நாள் காலையில் கிளுவை வேருக்குள் சாரை ஒன்று நுழைந்து போவதைப் பார்த்தேன். நின்று வழிவிட்டேன்.