திருவொற்றியூர்க் கோயிலுக்கு மின் ஸ்கூட்டரில்

கம்போடியாவில் அங்கோர் கோயில்களைச் சுற்றிப் பார்ப்பவர்கள் இப்போது மின் பைக்கை வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்த நாட்டின், அதாவது காம்போசத்தின், அரசன் முதலாம் இராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பி நட்பு நாடினான் என்கிறது அந்தச் சோழனின் கரந்தைச் செப்பேடு. அந்த இராசேந்திரன் காலத்தில் எழும்பிய கருங்கல் விமானம் ஒன்று நம் ராயபுரத்துக்கு வடக்கே ஏழு கிலோமீட்டருக்குள், திருவொற்றியூர்க் கோயிலில் நிற்கிறது. அதைப் பார்த்துவர ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும்.

முதலில் வண்டி. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, 250 வாட் மோட்டாருக்கு மேற்படாத வண்டிக்கு லைசென்ஸும் பதிவும் வேண்டாம். கோயில் தெருக்களுக்கு அதுவே போதும். எண்ணூர் வரை போவதென்றால் பச்சை நம்பர் பிளேட் போட்ட வேகமான வண்டியை எடுங்கள். எதை எடுத்தாலும் ஹெல்மெட் வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய்த் திரும்ப முப்பது கிலோமீட்டர் அளவுக்கு வரும். கம்பெனி சொல்லும் தூரத்தில் முக்கால் பங்குதான் கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் அதுவும் குறையும். முதல் நாள் இரவே முழுக்க சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

விடியும்போது கிளம்புங்கள். ராயபுரம் ரயில் நிலையத்தின் முன் கொஞ்சம் நின்று அதன் தூண்களைப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் இங்கிருந்துதான் வாலாஜாவுக்குப் புறப்பட்டது.

அங்கிருந்து வடக்கே இரண்டு வழி. கடலோரமாகப் போகும் விரைவுச் சாலை பார்க்க அழகு. ஆனால் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் லாரிகள் அங்கே வரிசை கட்டி நிற்கும். தண்டையார்பேட்டை, டோல்கேட் வழியாகப் போகும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையே நமக்கு ஏற்றது. அங்கும் ட்ரெய்லர் குறுக்கே வந்தால் பின்னாலேயே நில்லுங்கள். அதன் இடப்பக்கத்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒருபோதும் நுழையாதீர்கள். டிரைவர் கண்ணுக்கு அந்த இடம் தெரியாது. நம் வண்டிக்கோ சத்தமே கிடையாது, நாம் வருவதை அவர் காதாலும் அறிய முடியாது. இந்த ஒன்றை மறந்தால் மற்ற எந்த யோசனையும் பயன்படாது.

தேரடி அருகே வண்டியைப் பூட்டி நிறுத்திவிட்டுச் சன்னதித் தெருவில் நடந்து போங்கள். தியாகராசரையும் வடிவுடையம்மனையும் வணங்கிய பிறகு அவசரப்படாமல் பிராகாரத்தைச் சுற்றுங்கள். மூலவர் ஆதிபுரீசுவரரின் கருவறையின் பின்புறம் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பது இதைத்தான். கட்டிய தச்சனின் பெயரையும் கல்வெட்டு விட்டுவைத்திருக்கிறது: இரவி என்கிற வீரசோழத் தச்சன். அரசன் பெயர் எல்லாக் கோயிலிலும் கிடைக்கும், உளி பிடித்தவன் பெயர் கிடைப்பது அரிது. அதற்காகவே இந்தச் சுவர் முன் நிற்கலாம்.

காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கும், அப்போதுதான் எழுத்து கண்ணுக்குப் பிடிபடும். உச்சி வெயிலில் வெறும் கல்தான் தெரியும். தொடக்கத்தில் வரும் 'ஸ்வஸ்திஸ்ரீ'யைத் தேடிப் பிடியுங்கள், அங்கிருந்து ஒவ்வோர் எழுத்தாக நகரலாம். மாவோ சாக்பீஸோ தடவ வேண்டாம், விரலாலும் தேய்க்க வேண்டாம். படம் எடுக்குமுன் கோயில் அலுவலகத்தில் கேளுங்கள்.

இங்கே மடம் வைத்திருந்த சதுரானன பண்டிதரின் கதையும் கல்வெட்டில்தான் கிடைத்தது. கேரளத்திலிருந்து வந்த வல்லபன், சோழ இளவரசன் இராசாதித்தனின் நண்பன். 949இல் தக்கோலப் போரில் இளவரசன் மாண்டபோது தான் உடன் இருக்கவில்லையே என்று மனம் நொந்து துறவியானான், இந்த ஊரில் மடத்தலைவன் ஆனான். அதைச் சொல்லும் கல்வெட்டோ, அந்தப் போரில் வென்ற இராட்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. இராசேந்திரன் காலத்தில் விமானப் பணியை முன்னின்று நடத்தியவரும் அதே பெயர் தாங்கிய, அந்த மடத்தின் வழிவந்த பண்டிதர்தான்.

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் ஆதிபுரீசுவரரின் கவசத்தைக் களைவார்கள். அந்த நாட்களில் கூட்டம் நெரியும், வண்டியை விட்டுவிட்டு மெட்ரோவில் வாருங்கள்.

கோயிலிலிருந்து கிழக்கே, கடலை ஒட்டிப் பட்டினத்தார் சமாதி. விரைவுச் சாலையைக் கடக்க வேண்டியிருப்பதால் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

பேட்டரியில் பாதிக்கு மேல் இருந்தால் எண்ணூர் முகத்துவாரம் வரை போகலாம். இல்லையென்றால் திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து எண்ணூரில் இறங்குங்கள். கழிமுகத்துக்கு அப்பால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். நம் வண்டியை ஓட்டும் மின்சாரத்தில் ஒரு பங்கு அங்கே எரியும் நிலக்கரியிலிருந்து வருவது. அதன் சாம்பல் கொசத்தலை ஆற்றில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் சேர்ந்து வந்து மீனவர்களின் வலைகளைப் பாழாக்கியது. புகையில்லாத வண்டியில் வந்தவர்கள் இதையும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் நியாயம்.

திரும்பும் வழியில் காலடிப்பேட்டை கல்யாண வரதராசப் பெருமாள் கோயில். சென்னை கவர்னர் காலெட் தன் 1717–1720 ஆட்சிக்காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், பதினொன்றுக்குள் வந்துவிடுங்கள்.

வீடு சேர்ந்ததும் ஈரத்துணியால் வண்டியைத் துடையுங்கள், உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். சார்ஜ் முனையில் மட்டும் ஈரம் படாமல் உலர்ந்த துணி. வெயிலில் ஓடிய பேட்டரி அரை மணி நேரமாவது ஆறட்டும், அதன் பிறகு சார்ஜில் போடுங்கள்.