நிற்கும் இடத்தின் விலை

நுழையும்முன்

ஊர்தி என்பது ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. ஆனால், நாள்தோறும் ஒரு மணிநேரம் மட்டுமே ஓட்டப்படும் கார், எஞ்சிய 23 மணிநேரமும் எங்கோ ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கிறது. சாலை அமைப்பதைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். நிற்கும் இடத்தைப் பற்றிய பேச்சு அரிது. அவ்விடத்தைத் தருபவர் யார், அதன் செலவை ஏற்பவர் யார் என்னும் வினாக்களைச் சென்னையின் கடைத்தெரு ஒன்றை முன்வைத்து ஆராய்கிறது இப்பாடம்.

ஏரி, குடியிருப்பு, கடைத்தெரு

இன்றைய தியாகராய நகர் ஒரு காலத்தில் ஏரியாக இருந்த நிலம். மயிலாப்பூருக்கு மேற்கே நீண்டு கிடந்த அப்பேரேரியின் பகுதி, 1920களில் மேடாக்கப்பட்டுக் குடியிருப்பாக மாற்றப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான பிட்டி தியாகராயரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நடுவே பனகல் பூங்கா, அதிலிருந்து பிரிந்து செல்லும் சாலைகள், இருபுறமும் தோட்டம் சூழ்ந்த வீடுகள் என்று திட்டமிட்டவர்கள் வரைந்தனர். வீடுகள் கடைகளாயின, கடைகள் பல மாடி வணிக வளாகங்களாயின. பட்டும் பொன்னும் பாத்திரமும் வாங்குவதற்குத் தமிழகத்தின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். சாலையின் அகலம் மட்டும் பழைய அளவிலேயே நின்றது.

பாண்டி பஜாரில் நடப்போருக்கு அகன்ற நடைபாதை அமைப்பது என்று மாநகராட்சி முடிவு செய்தபோது, ஒரு சிக்கல் எழுந்தது. நடைபாதையை அகலப்படுத்தினால், அதுவரை சாலையோரத்தில் நின்ற ஊர்திகளுக்கு இடமிராது. நடைபாதை வளாகம் 2019இல் திறக்கப்பட்டது. அருகிலுள்ள தணிகாசலம் சாலையில் பன்னடுக்கு ஊர்தி நிறுத்தகம் ஒன்று, ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் கட்டப்பட்டு 2021இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் 200க்கும் மேற்பட்ட கார்களையும் 500க்கும் மேற்பட்ட இருசக்கர ஊர்திகளையும் நிறுத்தலாம்.

ஒரு காருக்கு எவ்வளவு நிலம்?

ஒரு காரை நிறுத்தும் கட்டம் பொதுவாக 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டது, அதாவது 12.5 சதுர மீட்டர். ஆனால், கார் அந்தக் கட்டத்திற்குள் வானத்திலிருந்து இறங்குவதில்லை. அது நுழைய வழி வேண்டும். திரும்ப இடம் வேண்டும். மேல்தளத்திற்கு ஏறச் சாய்தளம் வேண்டும். தூண்களுக்கும் படிக்கட்டுகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்துத்தான், 2021ஆம் ஆண்டுக்கான தில்லிப் பெருந்திட்டம், ஒரு காருக்குத் திறந்தவெளியில் 23 சதுர மீட்டரும் நிலத்தடித் தளத்தில் 32 சதுர மீட்டரும் தேவை என்று வரையறுத்தது. நம்மூர் வழக்கில் சொன்னால், ஒரு கிரவுண்டு மனையில் நிறுத்தக்கூடிய கார்கள் ஒன்பதே.

32 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 345 சதுர அடி. சென்னையில் ஏழை எளியோருக்காக அரசு வாரியம் முன்னாளில் கட்டிய அடுக்குமாடி வீடுகள் பல, இதனினும் சிறியவை. ஐந்து பேர் கொண்ட குடும்பம் சமைத்து, உண்டு, படித்து, உறங்கும் இடத்தைக் காட்டிலும் ஒரு கார் நிற்கும் இடம் பெரிது. நிறுத்தகம் வேண்டுமா வேண்டாவா என்னும் விவாதத்தில் இந்த ஒப்பீடு பெரும்பாலும் எழுவதில்லை, எழ வேண்டும்.

நிலம் அருகிய இடங்களில் எந்திர நிறுத்தகங்களை அமைக்கின்றனர். ஓட்டுநர் காரைத் தரைத்தளத்தில் விட்டுச் செல்ல, மின்தூக்கி அதனை மேலேற்றி ஓர் அறையில் அடுக்குகிறது. சாய்தளம் தேவையில்லை, குறைந்த பரப்பில் நிறைய கார்கள் அடங்கும். எனினும், மாலை நேரத்தில் பலர் ஒரே வேளையில் காரைக் கேட்டால், ஒவ்வொன்றாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். மின்கட்டணமும் பழுதுபார்க்கும் செலவும் ஆண்டுதோறும் தொடரும்.

கட்டுவதற்கு முன் செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. அது எண்ணுதல். எத்தனை ஊர்திகள் வருகின்றன என்பதோடு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் எண்ண வேண்டும். ஒரே இடத்தில் காலை முதல் இரவு வரை ஒரு வண்டி நின்றால், அவ்விடத்தால் பயனடைபவர் ஒருவர். ஒரு மணிநேரத்திற்கு ஒருமுறை வண்டிகள் மாறினால், பயனடைபவர் பத்துப் பேர். வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று வருந்தும் கடைக்காரரின் வண்டியே, சில வேளைகளில் கடைவாயிலில் நாள் முழுதும் நின்றுகொண்டிருக்கும்! இத்தகைய கணக்கெடுப்பு, புதிய கட்டடத்தின் தேவையையே சில தெருக்களில் நீக்கிவிடக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

உலகின் முதல் நிறுத்தக் கட்டணப் பொறி, 1935 ஜூலை 16ஆம் நாள் அமெரிக்காவின் ஓக்லகோமா நகரில் நிறுவப்பட்டது. ஒரு மணிநேரத்திற்குக் கட்டணம் 5 சென்ட். நாள் முழுதும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த கார்களை நகர்த்தி, கடைகளுக்கு வருவோருக்கு இடமளிப்பதே அதன் நோக்கம்.

கணக்கும் கடனும்

தணிகாசலம் சாலைக் கட்டடத்தின் அளவையே வைத்துக் கணக்கிடலாம். நான்கு இருசக்கர ஊர்திகளை ஒரு காருக்குச் சமமாகக் கொள்வது வழக்கம். அவ்வகையில் 500 இருசக்கர ஊர்திகள் 125 கார்களுக்கு ஈடாகும். 200 கார்களையும் சேர்த்தால் மொத்தம் 325 இடங்கள். 40 கோடி ரூபாயை 325ஆல் வகுத்தால், ஓரிடத்திற்கு ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய் ஆகிறது. நிலத்தின் விலை இதில் சேரவில்லை.

இனி வரவைக் காணலாம். மணிக்கு 20 ரூபாய்க் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் 8 மணிநேரம், ஆண்டின் 365 நாளும் ஓரிடம் நிரம்பியிருந்தாலும் கிடைப்பது 58,400 ரூபாய். அந்த 12 லட்சத்தை 8 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் பெற்றிருந்தால், முதலாண்டு வட்டி மட்டும் 96,000 ரூபாய். முதலை 25 ஆண்டுகளில் அடைப்பதற்கு ஆண்டுக்கு மேலும் 48,000 ரூபாய் வேண்டும். இரண்டையும் ஈடுசெய்ய மணிக்கு 49 ரூபாய் பெற்றாக வேண்டும். பணியாளர் ஊதியமும் மின்கட்டணமும் அதற்கு மேல். இக்கணக்கில் கையாண்ட கட்டணமும் வட்டியும் எடுத்துக்காட்டுக்கானவை. ஆனால், கணக்கு காட்டும் திசை எல்லா நகரங்களுக்கும் பொதுவானது. மையப்பகுதியில் கட்டப்படும் நிறுத்தகம், தன்னைப் பயன்படுத்துவோர் தரும் கட்டணத்தால் மட்டும் தன் கடனை அடைப்பது மிக அரிது.

எஞ்சிய தொகையை யார் தருகின்றனர்? திறன்மிகு நகரங்கள் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டது. தெரிவான ஒவ்வொரு நகருக்கும் ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய் வரை வழங்கும், மாநிலமும் உள்ளாட்சியும் சேர்ந்து அதற்கு இணையான தொகையைத் தரும் என்பது அதன் அமைப்பாக இருந்தது. தியாகராய நகரின் நடைபாதையும் நிறுத்தகமும் அத்திட்டத்தில் உருவானவையே. மானியத்திற்கு வட்டியில்லை. ஆயினும், அது வரிப்பணம். அவ்வரியைச் செலுத்தியோருள் பேருந்தில் வந்து செல்பவரும் உளர். கார் வாங்க எண்ணியும் பாராத பூ விற்பவரும் உளர்.

கடன் பத்திரம் மற்றொரு வழி. அகமதாபாத் மாநகராட்சி 1998இல், மாநில அரசின் உத்தரவாதமின்றி 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக 2001இல் 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. அச்சாலையில் ஊர்திகள் செலுத்திய சுங்கம் கடனுக்குத் துணைநின்றது. சாலையைக் கடப்பவர் சுங்கம் செலுத்தியே தீர வேண்டும். நிறுத்தகத்திற்கு வருபவரோ கட்டணம் மிகுதி என்று கருதினால் அடுத்த தெருவோரத்தில் வண்டியை விட்டுவிடலாம். நிறுத்தகத்தின் வருவாயை நம்பிக் கடன் தருவோர் தயங்குவது இதனால்தான்.

சிகாகோ விற்ற தெருவோரம்

தனியாரிடம் ஒப்படைத்து முன்பணம் பெறுவது மூன்றாம் வழி. 2008 டிசம்பரில் அமெரிக்காவின் சிகாகோ நகரம், தன் தெருக்களிலிருந்த ஏறத்தாழ 36,000 நிறுத்தக் கட்டணப் பொறிகளின் வருவாயை 75 ஆண்டுகளுக்கு ஒரு தனியார் நிறுவனத்திற்குக் குத்தகைக்கு விட்டது. கிடைத்த தொகை ஏறத்தாழ 115 கோடி டாலர். வரவுசெலவுத் திட்டத்தில் விழுந்த பள்ளத்தை நிரப்ப நகருக்குப் பணம் அவசரமாகத் தேவைப்பட்டது. நகர மன்றம் சில நாள்களிலேயே ஒப்புதல் தந்துவிட்டது. நகரின் தலைமை ஆய்வாளர் 2009இல் அளித்த அறிக்கை, அவ்வுரிமையின் மதிப்பு பெற்ற தொகையைவிட 97 கோடி டாலர் அளவுக்கு மிகுதி என்று கூறியது.

கட்டணம் விரைந்து உயர்ந்தது. பெற்ற பணத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே செலவாகிவிட்டது. அதனினும் பெரிய இழப்பு வேறொன்று. திருவிழாவிற்காகவோ சாலைப் பணிக்காகவோ நிறுத்துமிடங்களை நகரம் மூடினால், நிறுவனத்திற்கு அதற்கான ஈட்டுத்தொகை தர வேண்டும். மிதிவண்டிப் பாதையோ பேருந்துத் தடமோ அமைக்க எண்ணினாலும் அந்த ஒப்பந்தம் குறுக்கே நிற்கும். குத்தகை முடியும் ஆண்டு 2083. ஒப்பந்தத்திற்குக் கையுயர்த்தியவர்களின் பேரப்பிள்ளைகளும் தம் தெருவைத் தாம் விரும்பியவாறு மாற்றியமைக்க இயலாது.

கட்டடத்திற்கு வெளியே

பன்னடுக்கு நிறுத்தகம் ஒன்றின் வெற்றியை அதன் தூண்கள் தீர்மானிப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள தெருக்கள் தீர்மானிக்கின்றன. வாயிலருகே இலவசமாக நிறுத்த முடியுமெனில், பணம் கொடுத்து மாடியேறுவோர் யார்? மும்பை மாநகராட்சி இதனை உணர்ந்து, 2019 ஜூலையில் பொது நிறுத்தகங்களைச் சுற்றி 500 மீட்டருக்குள் விதிமீறி நிறுத்தும் ஊர்திகளுக்குப் பெருந்தண்டம் விதிக்கத் தொடங்கியது. தண்டத்தின் அளவு கடுமையென்று பலர் குறைகூறினர். கட்டடத்தையும் தெருவையும் ஒன்றாகக் காணவேண்டும் என்னும் அடிப்படை சரியானதே.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு ஷூப், இலவச நிறுத்துமிடம் என்று ஒன்று இல்லை என்பதைத் தம் 2005ஆம் ஆண்டு நூலில் விரிவாக நிறுவினார். அதன் விலை வேறெங்கோ, பொருளின் விலையிலோ வீட்டு வாடகையிலோ வரியிலோ மறைந்திருக்கிறது என்பது அவர் கருத்து. ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு இடங்கள் எப்போதும் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணத்தை அமைக்க வேண்டும் என்றும், கிடைக்கும் வருவாயை அத்தெருவிற்கே செலவிட வேண்டும் என்றும் அவர் கூறினார். கலிபோர்னியாவின் பாசடீனா நகரம் 1993இல் பழைய கடைத்தெருவில் கட்டணப் பொறிகளை நிறுவி, அவ்வருவாயால் அங்குள்ள நடைபாதைகளையும் விளக்குகளையும் செப்பனிட்டது. எதிர்த்து நின்ற வணிகர்கள், பணம் தம் தெருவிற்கே திரும்பும் என்று அறிந்த பின்னரே இசைந்தனர்.

ஜப்பான் பொறுப்பை வாங்குபவரிடமே வைத்தது. 1962இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழி, அந்நாட்டு நகரங்களில் கார் வாங்குபவர் அதனை நிறுத்தத் தமக்கு இடம் உண்டு என்று காவல்துறையின் சான்று பெற வேண்டும். அவ்விடம் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். இந்தியாவின் 2006ஆம் ஆண்டுத் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும், நிறுத்தக் கட்டணம் நிலத்தின் மதிப்பைக் காட்ட வேண்டும் என்றே கூறுகிறது. அதனை நடைமுறைப்படுத்தும் துணிவு நகரங்களுக்கு எளிதில் வருவதில்லை. கட்டணத்தை உயர்த்துவதைவிடக் கட்டடத்தைத் திறந்துவைப்பது இனிய பணியல்லவா?

2023ஆம் ஆண்டில் தியாகராய நகருக்கு மற்றொரு கட்டுமானம் வந்தது. மாம்பலம் இரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் அது. நீளம் 570 மீட்டர். செலவு ஏறத்தாழ 28 கோடி ரூபாய். இரயிலிலிருந்து இறங்குவோர் இரங்கநாதன் தெருவின் நெரிசலில் சிக்காமல் அதன்மேல் நடந்து செல்கின்றனர். அங்கே எவரும் எதையும் நிறுத்திவைப்பதில்லை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஏதேனும் பத்து நிறுத்துமிடங்களை இரண்டு மணிநேரம் கவனித்து, எத்தனை ஊர்திகள் வந்து மாறின என்று அட்டவணைப்படுத்துக. ஒரே ஊர்தி நீங்காமல் நின்ற இடங்கள் எத்தனை? அவை யாருடையவை என்பதைக் கேட்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.